மாமரத்தடியில் ஒரு கொட்டகை

(வனவிலங்குக் கிருமிகளும் விவசாயக் குடும்பங்களும் என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கின் தொடக்கவுரை)



வழக்கமாக இந்த நிகழ்ச்சியில் கேள்வி கேட்பது மட்டும்தான் என் வேலை. பதில் சொல்ல விவரம் அறிந்தவர்கள் வருவார்கள். இன்று தொடக்கவுரையையும் நீங்களே ஆற்றுங்கள் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் நான்தான். போன மாதம் என் சித்தப்பா வீட்டில் பார்த்த ஒரு காட்சியை அவரிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையே பேசிவிடுங்கள் என்றார்.

சித்தப்பா சுங்கை சிப்புட் பக்கத்தில் இருக்கிறார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறு நிலத்தில் இருபது ஆடுகள் வளர்க்கிறார். ஆட்டுக் கொட்டகைக்கு நேர் மேலே ஒரு பெரிய மாமரம். நான் தங்கியிருந்த அன்று விடியற்காலையில் சித்தப்பா ஒரு வாளியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். இரவில் விழுந்து கிடந்த பழங்களைப் பொறுக்கினார். பாதிக்கு மேல் கடித்துப் போட்ட பழங்கள். அப்படியே கொண்டுபோய் ஆட்டுத் தொட்டியில் கொட்டினார்.

“எது சித்தப்பா இப்படிக் கடிச்சுப் போட்டிருக்கு?” என்று கேட்டேன்.

“ராத்திரி கெலுவாங் வரும்மா. அது தின்ன மிச்சம் ஆட்டுக்கு. எதையும் வீணாக்கக் கூடாது இல்ல?” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு நல்ல மனம் இருக்கிறது. வறுமையில் வளர்ந்த தலைமுறையின் சிக்கனமும் இருக்கிறது. ஆனால் அந்த வாளியைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இதே போன்ற ஒரு மாமரத்தடியிலிருந்து, அங்கிருந்து அதிக தூரமில்லாத ஈப்போ வட்டாரத்திலிருந்து, புறப்பட்ட ஒரு நோய் இந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்திருக்கிறது.

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் பேராக் மாநிலம் கிந்தா வட்டாரத்தில் பன்றிப் பண்ணையாளர்கள் சிலர் கடும் காய்ச்சலில் விழுந்தார்கள். தலைவலி, மயக்கம், வலிப்பு, பிறகு நினைவிழப்பு. ஆண்டு முடிவதற்குள் நெகிரி செம்பிலானிலும் அதே நோய் தலைகாட்டியது. முதலில் சிரம்பானை ஒட்டிய சிக்காமாட், அடுத்து போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக். புக்கிட் பெலாண்டோக்கில்தான் ஆக மோசமான பாதிப்பு. 1999-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் எல்லை தாண்டியது. மலேசியாவிலிருந்து இறக்குமதியான பன்றிகளைக் கையாண்ட சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். நம் நாட்டில் நோய் கண்டோர் 265 பேர், இறந்தோர் 105 பேர் என்பது அனைத்துலக அளவில் பதிவான கணக்கு.

அப்போது எனக்குப் பத்து வயது. கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி எங்கள் தெருவுக்கு வந்தால் பிள்ளைகள் எல்லாரும் அதன் பின்னால் ஓடுவோம். தொலைக்காட்சிச் செய்தியில் முகமூடி அணிந்த இராணுவ வீரர்கள் பெரிய குழிகளின் ஓரத்தில் நிற்பதைக் காட்டினார்கள். அம்மா சட்டென்று தொலைக்காட்சியை அடைத்துவிட்டார். எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பதே இல்லை. இருந்தாலும் பயம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்தப் பயம் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கொசு.

கொசுவைத் தேடிய மாதங்கள்

நோய் தொடங்கியபோது அது ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே கருதப்பட்டது. சுருக்கமாக ஜேஈ என்பார்கள். அது கொசுவால் பரவும் நோய். பன்றியின் உடலில் பெருகி, கொசு வழியாக மனிதனுக்கு வருவது. பன்றிப் பண்ணைகளுக்கு அருகில் மூளைக் காய்ச்சல் கண்டால் முதலில் அதைச் சந்தேகிப்பது இயல்புதான். தொடக்கத்தில் நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் ஜேஈ கிருமிக்கான அடையாளமும் கிடைத்தது. ஆகவே புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அன்றைக்கு இருந்தவர்களை இன்று உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை.

ஆனால் சில விஷயங்கள் கணக்கில் உதைத்தன. ஜேஈ பெரும்பாலும் சிறுபிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ உழைக்கும் வயது ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் பண்ணைகளுக்குச் சற்றே தள்ளி வாழ்ந்த மலாய்க் குடும்பங்கள், அதே கொசுக்கடிக்கு ஆளானவர்கள், பெரும்பாலும் தப்பினார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, பன்றிகளே நோயுற்றிருந்தன. ஜேஈ கிருமியால் வளர்ந்த பன்றிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. இங்கேயோ பன்றிகள் மூச்சுத் திணறின, நடுங்கின, குரைப்பது போல் இருமின. ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும் இருமல் என்று அந்த நோய்க்கு ஒரு பெயரே உண்டு.

நேயர்களே, அந்த இருமலை முதலில் கேட்டவர் யார்? விடியற்காலையில் கொட்டகையைக் கழுவுபவர். தீனி போடுபவர். குட்டி ஈனும்போது பக்கத்தில் இருந்து கை கொடுப்பவர். செத்த பன்றியைத் தூக்கிப் போடுபவர். பின்னாளில் மருத்துவ ஆய்வுகள், யாருக்கு இந்த நோய் அதிகம் வந்தது என்று ஆராய்ந்தபோது, இந்த வேலைகளைச் செய்தவர்களையே சுட்டிக்காட்டின. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பண்ணைகளில் கூலி வேலை செய்த நம் இந்தியர்களும் அவர்களோடு விழுந்தார்கள் என்பது நம் சமூகத்தில் பலருக்கு மறந்தே போய்விட்டது. பண்ணை முதலாளி சீனர், அது சீனர்களின் பிரச்சினை என்று அன்று பேசியவர்களை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பயம் இன்னொரு தீங்கையும் செய்தது. பேராக்கில் நோய் பரவுகிறது என்றதும், கையில் இருப்பதை விற்றுவிடலாம் என்று மலிவு விலைக்குப் பன்றிகள் விற்கப்பட்டன. லோரி லோரியாகத் தெற்கே போயின. கிருமியும் அதே லோரியில் ஏறித்தான் நெகிரி செம்பிலானுக்கு வந்தது. கடன் வாங்கிப் பண்ணை வைத்தவன், நாளைக்கு எல்லாம் செத்துவிடும் என்றால் இன்றைக்கு விற்கத்தான் பார்ப்பான். அவனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? நோயைத் தெரிவித்தால் நஷ்டம், மறைத்தால் இலாபம் என்ற நிலை இருக்கும்வரை எந்த நாட்டிலும் இது நடக்கும்.

1999 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். கண்ணாடிக் குடுவையில் வளர்த்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று கரைந்து ஒட்டிப்போய்ப் பெரிய பெரிய திட்டுகளாக இருப்பதைப் பார்த்தார். அது ஜேஈ செய்யும் வேலை அல்ல. அந்த மாதிரியைத் தாமே விமானத்தில் எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலைய ஆய்வகத்துக்குப் போனார். அங்கே எலெக்ட்ரோன் நுண்ணோக்கியின் கீழ் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1994-இல் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற ஹென்ட்ரா வைரஸின் நெருங்கிய உறவு அது. நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. நிப்பா வைரஸ் என்று இன்று உலகம் முழுவதும் சொல்கிறார்கள். பாவம், அந்த ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிய புகழ் அல்ல அது.

கொசுவை விட்டுப் பன்றியின் பக்கம் பார்வை திரும்பியதும் எல்லாமே மாறியது. கொசு அடிப்பதால் பயனில்லை. நோயுற்ற பன்றியின் எச்சில், சளி, சிறுநீர் ஆகியவற்றிலிருந்து மனிதனைக் காக்க வேண்டும் என்று தெளிவானது. இராணுவமும் கால்நடைச் சேவைத் துறையும் இறங்கிப் பன்றிகளை அழித்தன. மொத்தம் ஏறக்குறைய 11 இலட்சம் பன்றிகள். அழிக்கப் போன வீரர்களிலும் இரண்டு பேருக்கு மூளை அழற்சி கண்டது. நாட்டில் 1,885 ஆக இருந்த பன்றிப் பண்ணைகள் 829 ஆகச் சுருங்கின. புக்கிட் பெலாண்டோக்கில் பன்றி வளர்ப்பு நின்றே போனது. முதலாளிக்குப் பண்ணை போனது. தொழிலாளிக்கு வேலை போனது. உயிர் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து அதே மூளை அழற்சி திரும்ப வந்தது. அந்தக் குடும்பங்களுக்கு 1999 அந்த ஆண்டோடு முடிந்துவிடவில்லை.

பன்றிக்கு எங்கிருந்து வந்தது?

பன்றி வெறும் இடைத்தரகர்தான். கிருமியின் சொந்த வீடு எது என்று தேடியபோது கைகாட்டியது வௌவால். மலாய்க்காரர்கள் கெலுவாங் என்று சொல்லும் பழந்தின்னி வௌவால். இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை வரும் இனமும் அதில் உண்டு.

அதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. வௌவாலைச் சுட்டுப் பிடித்து அறுத்துப் பார்த்தால் கிருமி எளிதில் கிடைப்பதில்லை. டாக்டர் சுவாவும் அவருடைய குழுவினரும் தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டார்கள். இரவெல்லாம் இரை தேடிவிட்டு மரத்துக்குத் திரும்பும் வௌவால்கள் பெய்யும் சிறுநீரைத் துளித் துளியாகச் சேகரித்தார்கள். கடித்துப் போட்ட பழங்களையும் துடைத்து எடுத்தார்கள். சிறுநீரிலும் நிப்பா வைரஸ் கிடைத்தது. கடித்துப் போட்ட ஒரு ஜம்பு ஆயர் பழத்திலும் கிடைத்தது. 2002-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

கடித்துப் போட்ட ஒரு பழம். என் சித்தப்பாவின் வாளி ஏன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்று இப்போது புரிந்திருக்கும்.

வௌவால் பழத்தை நம்மைப் போல் மென்று விழுங்குவதில்லை. கடித்து, சாற்றை உறிஞ்சி, சக்கையைத் துப்பிவிடும். எச்சில் ஊறிய அந்தச் சக்கையும் மிச்சப் பழமும் கீழே விழுகின்றன. வௌவாலுக்கு இந்தக் கிருமியால் நோய் வருவதாகத் தெரியவில்லை. நீண்ட காலமாக இரண்டும் ஒன்றாக வாழ்ந்து பழகிவிட்டன. பழகாத உடம்புக்குள் போகும்போதுதான் விபரீதம்.

ஈப்போ வட்டாரத்தில் நோய் தொடங்கிய பண்ணை மிகப் பெரியது. 30,000-க்கும் மேற்பட்ட பன்றிகள். அதே வளாகத்தில் விற்பனைக்காக மாந்தோப்பும் இருந்தது. கொட்டகைகளை ஒட்டியே மாமரங்கள். நிலத்தை வீணாக்காமல் இரண்டு வருமானம் பார்க்கலாம் என்ற நல்ல யோசனைதான் அது. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து தொண்ணூறுகளின் இறுதிக்குள் நம் நாட்டில் பன்றி உற்பத்தியும் மாம்பழ உற்பத்தியும் ஏறக்குறைய மும்மடங்கு ஆயின. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்த புள்ளியில் வௌவாலும் வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டுகளின் புகைமூட்டத்தைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தோனேசியக் காடுகள் எரிந்து, 1997-இலும் 98-இலும் நாம் மூச்சுவிடத் தவித்தோம். காடழிப்பும் வறட்சியும் அந்தப் புகையும் சேர்ந்து வௌவால்களைத் தோப்புகளுக்கு விரட்டிவிட்டன என்று முதலில் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. இன்றும் பலர் அதையே சொல்கிறார்கள். ஆனால் பின்னோக்கிப் பார்த்த ஆய்வில், அந்தப் பண்ணையோடு தொடர்புடைய முதல் மனித நோயாளி 1997 சனவரியிலேயே நோயுற்றிருக்கிறார் என்று தெரிந்தது. பெரும் புகைமூட்டம் வந்தது அதற்குப் பல மாதங்கள் கழித்துத்தான். ஆகவே புகை மீது மட்டும் பழி போட்டுவிட்டு நாம் நிம்மதியாக உட்கார முடியாது. புகை ஒரு சில மாதங்களில் போய்விடும். மாமரமும் கொட்டகையும் அங்கேயே இருந்தன.

2012-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, ஒரு கிருமி எப்படி இரண்டு ஆண்டு அந்தப் பண்ணையில் தங்கியது என்பதை விளக்குகிறது. முதன்முறை கிருமி நுழைந்தபோது கொட்டகை முழுக்கச் சரசரவென்று பரவி, எரிய விறகு இல்லாத அடுப்பு போல் அணைந்துவிட்டது. பிழைத்த பன்றிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. ஆனால் பெரிய பண்ணையில் வாரந்தோறும் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டிக்குச் சில வாரங்களில் கரைந்துவிடும். மரத்திலிருந்து இன்னொரு முறை கிருமி விழுந்தபோது, அது ஒரேயடியாக எரிந்து தீராமல், கொஞ்சம் கொஞ்சமாகப் புதுக் குட்டிகளைப் பற்றிக்கொண்டு, தணல் போல் மாதக்கணக்கில் நின்றது. அந்தத் தணலைத்தான் லோரிகள் ஊர் ஊராக ஏற்றிச் சென்றன. சிறிய பண்ணையாக இருந்திருந்தால் அணைந்தே போயிருக்கலாம்.

மற்ற நாடுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்காளதேசத்தில் 2001 முதல் அடிக்கடி நிப்பா தலைதூக்குகிறது. அங்கே பன்றி இடையில் இல்லை. குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவிப் பானை கட்டி இறக்கும் பச்சைப் பதநீரை வௌவாலும் இரவில் வந்து நக்குகிறது. காலையில் மனிதன் குடிக்கிறான். சீவிய இடத்தை மூங்கில் தட்டியால் மூடிக் கட்டினால் வௌவால் அண்ட முடியாது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கேரளத்தின் கோழிக்கோட்டில் 2018-இல் வந்தபோது மருத்துவமனைக்குள்ளேயே ஆளுக்கு ஆள் பரவியது. உயிர் பிழைத்தவர்கள் இரண்டே பேர். அதன் பிறகும் கேரளத்தில் பல முறை வந்துவிட்டது. நம் நாட்டில் 1999-க்குப் பிறகு மனிதருக்கு நிப்பா வரவில்லை. ஆறுதலான செய்திதான். ஆனால் கிருமி வௌவாலை விட்டுப் போகவில்லை. மனிதர்களுக்கென்று உரிமம் பெற்ற தடுப்பூசி இதுவரை இல்லை. சோதனைகள் நடந்து வருகின்றன.

நிப்பா ஒன்றே ஒன்று என்றும் எண்ண வேண்டாம். 2006-இல் மலாக்காவில் ஒருவர் கடும் காய்ச்சலும் மூச்சுக்குழல் நோயுமாக விழுந்தார். அவருடைய வீட்டில் பிள்ளைகளுக்கும் அதே நோய் கண்டது. சுமார் ஒரு வாரத்துக்கு முன் அந்த வீட்டுக்குள் ஒரு வௌவால் பறந்து வந்து போயிருந்தது. ஆராய்ந்தபோது அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ் கிடைத்தது. அவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்தக் கிருமிக்கு மலாக்கா என்றே பெயர்.

வௌவாலைக் கொன்றுவிட்டால்?

இந்த நிகழ்ச்சிக்கான விளம்பரம் வந்ததும் அழைத்த நேயர்களில் பலர் கேட்ட கேள்வி இதுதான். கொன்றுவிடலாமே, தொல்லை விட்டது என்கிறார்கள்.

நீங்கள் டுரியான் சாப்பிடுவீர்களா என்று நான் திருப்பிக் கேட்கிறேன். டுரியான் பூ இரவில் மலர்வது. அதற்கு மகரந்தம் கொண்டு சேர்க்கும் வேலையை வௌவால்கள்தான் பெரும்பாலும் செய்கின்றன. தைப்பூசத்துக்கு நாம் படியேறும் பத்துமலையின் குகைகளில் வாழும் சின்னஞ்சிறு தேனுண்ணும் வௌவாலும் அந்த வேலையைச் செய்கிறது. நிப்பா கிருமியைச் சுமக்கும் தியோமான் தீவின் பெரிய வௌவாலும் அதையே செய்கிறது என்று 2017-இல் நம் நாட்டு ஆய்வாளர் குழு படம் பிடித்துக் காட்டியது. பூவைத் தின்று அழிக்கிறது என்று விவசாயிகள் விரட்டிய அதே வௌவால்! தவிர, வேட்டையாடும்போதுதான் இரத்தமும் எச்சிலும் நேராக நம் கையில் படுகின்றன. இழுப்பு நோய்க்கு நல்லது என்று கெலுவாங் இறைச்சி தேடுவோர் நம்மிடையேயும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

செய்ய வேண்டியதெல்லாம் மரத்துக்கும் கொட்டகைக்கும் இடையே தூரம் வைப்பதுதான். இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். கொட்டகையைத் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் மரத்தை வெட்டுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

“ஏம்மா, தள்ளிப் போடுன்னா எங்க தள்ளறது? இந்தப் பக்கம் வேலி, அந்தப் பக்கம் வாய்க்கால். மரத்தை வெட்டினா வெயில்ல ஆடு துவண்டு போகும். நீ டிவியில சொல்றது பெரிய பண்ணைக்காரனுக்குச் சரி. எனக்கு என்ன சொல்ற?”

நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஆலோசனை சொல்வோர் எல்லோரும், நான் உட்பட, நிறைய நிலம் இருப்பவரை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறோம். கால்நடைத் துறை நண்பர்களைக் கேட்டுக்கொண்டு மறுபடியும் போனேன். கிளையைக் கழிக்கலாம். கொட்டகையின் கூரையை நாலாபுறமும் நீட்டித் தொட்டிக்கு மேல் ஒன்றும் விழாதபடி செய்யலாம். தண்ணீர்த் தொட்டியை மூடலாம். பழம் பிஞ்சாக இருக்கும்போதே உறை கட்டலாம். கடித்த பழத்தைக் கையுறை போட்டு எடுத்துக் குழியில் புதைக்கலாம். ஆட்டுக்கும் போடாமல், பேரப்பிள்ளைக்கும் கடித்த இடத்தை மட்டும் அறுத்துவிட்டுக் கொடுக்காமல் இருக்கலாம். இது கடைசியாகச் சொன்னதைச் செய்யாத வீடு நம்மில் எத்தனை?

ஆட்டுக்கும் இந்தக் கிருமி வருமா என்று அவர் கேட்டார். வங்காளதேசத்தில் ஆடு, மாடு, பன்றிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, இவ்வகைக் கிருமி தாக்கிய அடையாளம் மூன்றிலும் கிடைத்திருக்கிறது. நம் நாட்டில் ஆட்டிலிருந்து மனிதனுக்கு வந்ததாகக் கேள்வி இல்லை. பயப்பட வேண்டாம், கவனமாக இருங்கள் என்றேன்.

இன்னொன்றையும் சொன்னேன். ஆடு கூட்டமாக நோயுற்றால் விற்காதீர்கள், மூடி மறைக்காதீர்கள், கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள் என்றேன். சித்தப்பா பதில் சொல்லவில்லை. ஆட்டைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. அந்தப் பயத்தைப் போக்கும் அளவுக்கு இழப்பீடு உண்டா, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை இந்த அரங்கில் இருக்கும் அதிகாரிகள்தான் சொல்ல வேண்டும். நான் இன்று அதைக் கட்டாயம் கேட்பேன். அதோடு இன்று பல பண்ணைகளில் கொட்டகை கழுவுபவர் வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர். இருமலை முதலில் கேட்கப் போகிறவர் அவர்தான். யாரிடம் சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்று அவருக்குத் தெரியுமா? சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருக்காதா? 1999-இல் நம் ஆட்கள் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

போன வாரம் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். கூரைக்குத் தகரம் வாங்கி நீட்டிவிட்டாராம். தொட்டியையும் உள்ளே நகர்த்திவிட்டாராம். சந்தோஷப்பட்டேன். உடனே ஒரு கேள்வி போட்டார்.

“எல்லாம் சரிம்மா. வௌவால் ராத்திரி என் தகரத்து மேல ஒண்ணுக்குப் போகுது. காலையில மழை பேயுது. அந்தத் தண்ணிதான் பீலி வழியா என் டிரம்முக்கு வருது. அதைத்தானே ஆட்டுக்குக் காட்டுறேன்? இதை யோசிச்சியா நீ?”

யோசிக்கவில்லை. அரங்கில் நம்மோடு இருக்கும் கால்நடை மருத்துவர் அவர்களே, இன்றைய முதல் கேள்வி என் சித்தப்பாவுடையது.